வேலை பக்கத்தில்தான் இருக்கிறது

சென்னையில், சோழிங்கநல்லூரிலிருந்து மேடவாக்கம் போகும் சாலையில் காலை எட்டரை மணிக்கு நின்று பாருங்கள். கம்பெனி பஸ்களும் கேப்களும் வரிசைகட்டி எல்காட் ஐ.டி. வளாகத்துக்குள் நுழைந்துகொண்டிருக்கும். அதே சாலையில் சற்றுத் தள்ளி, பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு பஸ் நிறுத்தத்தில், நகருக்குள் வீட்டு வேலைக்கும் பெயின்டிங் வேலைக்கும் போகிறவர்கள் கூட்டத்தில் நசுங்கிக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். வாசலில் ஆயிரக்கணக்கான வேலைகளை வைத்துக்கொண்டு, பிழைப்புக்காக 20, 25 கிலோமீட்டர் போய்வருகிறார்கள் இந்த மக்கள்.

டைடல் பார்க் ஐ.டி. வளாகம் தரமணியில் திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டு. நகருக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகரில் குடியேறத் தொடங்கியதும் அதே ஆண்டை ஒட்டித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி வளர்ந்தது. 2015 பெருவெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்கள் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். இந்த ஒரே வட்டாரத்தில் குடிசை மாற்று வாரியம் எழுப்பிய வீடுகள் ஏறத்தாழ 50,000. ஐ.டி. சாலையும் இந்தக் குடியிருப்புகளும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வளர்ந்தவை. ஆனால் கால் நூற்றாண்டு ஆகியும் ஒன்றின் முகத்தை மற்றொன்று சரியாகப் பார்க்கவில்லை.

பார்க்க வைக்க ஒரு சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர லாபம் பார்த்தாலே போதும், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டை அந்த நிறுவனம் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். நாம் சி.எஸ்.ஆர். நிதி என்று சொல்வது இதைத்தான். வேலைக்கு உதவும் தொழில் திறன் பயிற்சி, குடிசைப் பகுதி மேம்பாடு இரண்டும் அனுமதிக்கப்பட்ட பணிகளின் பட்டியலில் இருக்கின்றன. அதைவிட முக்கியம், நிறுவனம் இயங்கும் ஊருக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எனவே பெரும்பாக்கத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுங்கள் என்று கேட்பது தர்மம் கேட்பதாகாது.

பணம் வரவே இல்லையா என்றால், வருகிறது. தையல் மிஷின் வருகிறது, கம்ப்யூட்டர் வருகிறது, சுவரில் நிறுவனத்தின் சின்னம் பளிச்சென்று ஏறுகிறது. மூன்று மாதம் வகுப்பு. கடைசி நாளில் ஒரு மேடை, ஒரு குரூப் போட்டோ, ஆளுக்கொரு சான்றிதழ். ஆண்டறிக்கையில் 'பயன்பெற்றோர்' என்று ஒரு எண் ஏறிவிடுகிறது. அந்தச் சான்றிதழ் பிறகு பீரோவுக்குள் ரேஷன் கார்டோடும் பிள்ளையின் டி.சி.யோடும் ஒரே பிளாஸ்டிக் கவரில் கிடக்கிறது. ஆரி வேலை கற்றுக்கொண்ட பெண்ணுக்கு ஆர்டர் தருவது யார்? டேலி கற்றுக்கொண்ட பையனை முதல் இன்டர்வியூவுக்கு அனுப்பிவைப்பது யார்? பயிற்சிக்கும் வேலைக்கும் நடுவே உள்ள அந்த நாலு அடியைக் கடக்க வைக்கத்தான் இங்கே ஆள் இல்லை.

வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டுப் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று பயிற்சி நடத்துபவர்கள் குறைப்படுகிறார்கள். ஏன் நிற்கிறார்கள்? கேட்டரிங் வேலைக்கோ சென்ட்ரிங் வேலைக்கோ போனால் அன்று மாலையே கையில் கூலி வரும். மூன்று மாதம் வகுப்பில் உட்கார்ந்தால் அத்தனை நாளும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? கைக்குழந்தைக்காரி குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவாள்? மயிலாப்பூரிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ இருந்தவரை பக்கத்து வீட்டு ஆயாவோ மாமியாரோ பார்த்துக்கொண்டார்கள். பெயர்ந்து வந்தபோது அந்த உறவும் சிதறிப்போனது. பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகையும், மையத்திலேயே குழந்தைகளுக்கு ஓர் அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆயாவும் இல்லாத திட்டம் அரைத் திட்டம்தான். இன்னும் ஒரு வரிசை தையல் மிஷின் வாங்கும் பணத்தை இதற்குச் செலவிடலாம்.

பெரும்பாக்கத்தில் ஒரு பிளாக்குக்கு எட்டு தளங்கள். லிஃப்ட் நின்றுபோனால் ஏழாவது மாடிக்காரர்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறுகிறார்கள். கர்ப்பிணிகளும் ஏறுகிறார்கள், முழங்கால் வலிக்காரர்களும் ஏறுகிறார்கள். பழுது பார்க்க மெக்கானிக் எங்கிருந்தோ வர வேண்டும். அதே படிக்கட்டில், ஐ.டி.ஐ. முடித்த பையன்கள் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். லிஃப்ட் நிறுவனம் ஒன்று இவர்களில் இருபது பேரைப் பழக்கி, பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அவர்களை வைத்தே நடத்தினால் என்ன? பம்ப் செட், வயரிங், பிளம்பிங், பெயின்டிங் என்று அந்தக் கட்டடங்களுக்குள்ளேயே எத்தனை குடும்பங்களுக்குச் சோறு இருக்கிறது! அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுச் சட்டத்தில் 3ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது: அரசு வீட்டுவசதிப் பணத்தால் உருவாகும் வேலையிலும் பயிற்சியிலும் இயன்றவரை அங்கே குடியிருக்கும் எளியவர்களுக்கு முதலிடம் தர வேண்டும். 2021இல் குடிசை மாற்று வாரியம் என்ற பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றிக்கொண்ட நம் வாரியம், தன் டெண்டர் நிபந்தனைகளிலும் இப்படி ஒரு வரியைச் சேர்க்கலாம்.

இன்னொரு சுவரும் இருக்கிறது. விண்ணப்பத்தில் 'கண்ணகி நகர்' என்று எழுதினால் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து, 'துரைப்பாக்கம்' என்று மட்டும் எழுதிக் கொடுக்கிறார்கள் பிள்ளைகள். தன் ஊர்ப் பெயரை மறைத்தால்தான் வேலை என்ற நிலையில் ஒரு பிள்ளையை நிறுத்துவது கொடுமை. எந்தப் பயிற்சி வகுப்பாலும் இந்தச் சுவரை உடைக்க முடியாது. உடைக்க வேண்டியவர்கள் நிறுவனங்களின் எச்.ஆர். மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தொழில் பழகுநர் சட்டப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். அந்த இடங்களில் ஒரு பங்கை இந்தக் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு ஒதுக்கினால், பயிற்சியும் சம்பளமும் ஒரே கூரையின் கீழ் கிடைத்துவிடும். சி.எஸ்.ஆர். அறிக்கையில் எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்ற கணக்கை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் வேலையில் நிலைத்திருக்கிறார்கள் என்ற கணக்கைக் காட்டட்டும்.

வாசகர்களில் பலர் இந்தச் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்ப்பவர்கள். உங்கள் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். திட்டங்கள் அதன் இணையதளத்தில் வெளியிடப்பட வேண்டும் என்பது விதி. இன்றே எடுத்துப் பாருங்கள். அதில் கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் இல்லையென்றால், நிதியாண்டு முடியும் மார்ச் 31க்கு முன்னால் ஏன் என்று கேட்டு ஒரு மெயில் போடுங்கள்.