யுத்தம் முடிந்தது, கணக்கு முடியவில்லை

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது. அந்தச் சேதி அன்றைக்கே நமது தோட்டங்களுக்கு வந்து சேர்ந்துவிடவில்லை. வெளிநாட்டு ரேடியோ கேட்பதே குற்றம் என்றிருந்த காலம் அது. பட்டணம் போய்வந்தவர்கள் காதோடு காதாகச் சொன்னதை நம்புவதா, வேண்டாமா என்று பயந்தபடியே நாட்கள் கழிந்தன. செப்டம்பர் 9-ந் தேதி மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படை வந்து இறங்கியது. வண்டிகள் சேற்றில் புதைந்தனவே தவிர, எதிர்த்துச் சுட ஆளில்லை. வந்தது 25-ஆவது இந்திய டிவிஷன். 13-ந் தேதி கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கூடத்தில் ஜப்பானியத் தளபதி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். மூன்றரை வருஷத்துக் கொடுமை அதோடு தீர்ந்தது என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதி வைத்திருக்கின்றன.

பாட்டாளிக்கும் அது அதோடு தீர்ந்ததா? இதுதான் நாம் கேட்கும் கேள்வி.

கொண்டாட்டம் நடக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. பட்டணத்தில் நேச நாடுகளின் கொடிகள் பறந்தன. வரவேற்பு வளைவுகள் எழுந்தன. 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க விமானங்கள் செந்தூல் ரயில்வே பட்டறை மீது குண்டு போட்டிருந்தன. ஆகவே, பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ரயில்வேத் தொழிலாளர் குடும்பங்களுக்கு, வானத்தைப் பார்த்துப் பயப்படாமல் வேலைக்குப் போக முடிந்ததே ஒரு திருவிழாதான். மரவள்ளிக் கிழங்கைத் தின்று, கோணிச் சாக்கை உடுத்திக் கிடந்த தோட்டத்து ஜனங்கள், இனி அரிசி வரும், துணி வரும், மருந்து வரும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையே அவர்களுடைய கொண்டாட்டம்.

முதல் அடி பணத்தில் விழுந்தது. வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு செல்லாது என்று புதிய ராணுவ நிர்வாகம் அறிவித்துவிட்டது. கோழி வளர்த்தும் காய்கறி விற்றும் நாலு காசு சேர்த்து வைத்திருந்தவன் கையில் வெறுங்காகிதம் மிஞ்சியது. அடுத்த அடி வயிற்றில் விழுந்தது. அரிசி அளந்துதான் கிடைத்தது. கள்ள மார்க்கெட்டிலோ அதன் விலை கூலிக்காரனுக்கு எட்டவில்லை. திரும்பி வந்த துரைமார்களோ யுத்தத்துக்கு முந்திய கூலியைக் கணக்கு வைத்தே பேசினார்கள். விலை மட்டும் புதுசு, கூலி மட்டும் பழசு! இதற்குப் பெயர் வெற்றியா?

மனசிலும் ஒரு பாரம் இருந்தது. கூலிக் காசையும், கழுத்தில் கிடந்த தாலிக்கொடியையும் கூட நேதாஜியின் சர்க்காருக்குக் கொடுத்த குடும்பங்கள் நம்மில் அநேகம். தோட்டத்துப் பிள்ளைகள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். ஆகஸ்டு 18-ந் தேதி விமான விபத்தில் நேதாஜி இறந்தார் என்ற சேதியும் இதே நாட்களில்தான் வந்தது. ஜப்பான்காரன் தொலைந்தான் என்று சிரித்த வீட்டிலேயே, நேதாஜி போய்விட்டாரே என்று அழுகையும் கேட்டது. மோரிப்பில் இறங்கிய இந்தியச் சிப்பாயை எப்படிப் பார்ப்பது? ஜப்பானியரை விரட்ட வந்த அண்ணன் என்றா, நம் பிள்ளைகளைச் சிறைபிடிக்க வந்த வெள்ளைக்காரனின் ஆள் என்றா? அந்தச் சங்கடத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

எல்லாவற்றிலும் பெரிய கணக்கு சயாம் கணக்கு.

சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் ஊர் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆசைக்கு மசியாதவர்களைப் பலவந்தமாக லாரியில் ஏற்றினார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் 70,000-க்கு மேல். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நமது தோட்டத் தமிழர்கள். வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அடி உதையும் அவர்களை வாரிக்கொண்டு போயின. பல நாடுகளிலிருந்து கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேர் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

யுத்தம் முடிந்த பிறகு, 1945 கடைசியிலும் 1946-லும், பிழைத்தவர்கள் திரும்பினார்கள். காலில் ஆறாத புண், உடம்பில் எலும்பும் தோலும். லயத்துக்கு வந்தவனை வரவேற்றது மேளதாளமா? அவனைச் சுற்றி நின்ற பெண்கள், ‘என் வீட்டுக்காரர் எங்கே? என் மகன் எங்கே?’ என்று கேட்டார்கள். சிலருக்கு அவன் பதில் சொன்னான். சிலருக்குத் தலையைக் குனிந்துகொண்டான். தாலியை அறுப்பதா, வைத்திருப்பதா என்று தெரியாமல் வருஷக்கணக்காகக் காத்திருந்த பெண்களுக்கு யுத்தம் எந்தத் தேதியில் முடிந்தது? சொல்லுங்கள் பார்ப்போம்!

காஞ்சனபுரிக்குப் போனவர்கள் அங்கே ஒரு ராணுவ மயானத்தைப் பார்த்திருப்பார்கள். அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000-க்கு மேல். இறந்தவர்கள் 12,000-க்கு மேல். அவர்களில் ஏறக்குறைய 7,000 பேர் அந்த மயானத்தில் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். பெரும்பாலான கற்களில் பெயர், படை, வயது, இறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. அதில் நமக்குப் பொறாமை இல்லை. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகளே. ஆனால் அவர்களைப் போல் பல மடங்கு மாண்ட நம்மவர்களுக்குப் பெயர் எழுதிய கல் எங்கே? சிப்பாய்க்கு நம்பரும் பட்டியலும் இருந்தன. கூலிக்காரன் தலைக்கணக்கில் போனான், தலைக்கணக்கிலேயே புதைந்தான்.

இங்கே கிராணிமார்களிடம் ஒரு வார்த்தை. ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் கொடுக்க வேண்டும் என்று ஜப்பானியர் கேட்டபோது, பட்டியல் எழுதியது தோட்டத்து ஆபீஸ். அதனால் கிராணி மீதும் கங்காணி மீதும் தீராத வருத்தம் கொண்ட குடும்பங்கள் உண்டு. துப்பாக்கி முனையில் எழுதியவரும் இருந்தார். வேண்டாதவன் பெயரை வேண்டுமென்றே எழுதியவரும் இருந்தார். ஜப்பானியர் போய், பிரிட்டிஷார் வந்து சேர்வதற்குள் இருந்த நாட்களில் பல இடங்களில் பழி தீர்க்கப்பட்டது. அந்தப் பழியை மறுபடி கிளறுவது நம் நோக்கமல்ல. பெயர்களை எழுதியது ஆபீஸ் என்றால், பெயர்களை மீட்கவும் ஆபீஸால் முடியும் என்பதே நாம் சொல்வது. பழைய செக்ரோலைப் புரட்டுங்கள். 1942 வரை பெரட்டில் ஆஜர் போட்ட எத்தனை பெயர்கள் 1946-ல் காணாமற் போயின என்று பாருங்கள்.

இது அவசரமான வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் பால்மரம் நின்ற இடங்களில் பெரும்பகுதி இன்று வீடமைப்பாகவும் தொழிற்பேட்டையாகவும் மாறிவிட்டது. மிஞ்சிய தோட்டங்களிலும் செம்பனையே அதிகம். தோட்டம் கைமாறும்போது முதலில் குப்பைக்குப் போவது பழைய கணக்குப் புத்தகம். அடுத்து இடிபடுவது லயம். எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. சயாமுக்குப் போனவர்களை நேரில் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. அவர்கள் சொல்வதை இன்று எழுதாவிட்டால் நாளை கேட்க ஆளிருக்காது.

ஆகவே நமது வேண்டுகோள் இது. ஒவ்வொரு தோட்டக் கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் திறக்கட்டும். பால்வெட்டும் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்கட்டும்: போனவர் பெயர் என்ன, தகப்பனார் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த வருஷம், கூடப் போனவர் யார், திரும்பினாரா? கிராணிமார்கள் அதைத் திருத்தமாக எழுதி இரண்டு பிரதி எடுக்கட்டும். ஒன்று கிளையில் இருக்கட்டும். மற்றொன்று தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். தோட்டம் விற்பனைக்கு வந்தால், பழைய பதிவேடுகளை அழிக்காமல் ஒப்படைக்கும்படி நிர்வாகத்தைக் கிளை கேட்கட்டும். இதற்குப் பெரிய செலவில்லை, மனம்தான் வேண்டும்.

இதனால் கூலி உயருமா என்று சில தோழர்கள் கேட்கலாம். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் சீனத் தொழிலாளிக்கு ஈடான கூலி கேட்டு நின்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தலைவர் ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். யுத்தம் முடிந்து துரைமார்கள் திரும்பியபோது பழைய மலாயாவும் திரும்பும் என்று எண்ணினார்கள். திரும்பவில்லை. சயாமையும் பட்டினியையும் பார்த்துவிட்டவன் சைக்கிளை விட்டு இறங்கத் தயாராக இல்லை. சங்கங்கள் முளைத்தன, நசுக்கப்பட்டன, மறுபடி எழுந்தன. 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானதற்குப் பின்னால் அந்த மனிதர்களின் பிடிவாதம் இருக்கிறது. தன்னைத் தலைக்கணக்காக எண்ணியவர்களிடம், எனக்கும் பெயர் உண்டு என்று தொழிலாளி சொன்னதே சங்கத்தின் ஆரம்பம்.

உயிரோடிருப்பவனுக்காகக் கேட்ட அதே உரிமையை மாண்டவனுக்காகவும் கேட்போம். நோட்டுப் புத்தகத்தைத் திறவுங்கள், தோழர்களே! முதல் பெயரை இந்த வாரமே எழுதுங்கள்.