படிக்கட்டுக்கு அடியில் தூங்கும் க்ரூஸர்... 60 வயசுல எழுப்பலாமா?

"என்னங்க, பழைய இரும்புக்காரர் தெருமுனையில நிக்கறாரு. அந்த வண்டியைத் தள்ளிக் கொடுத்துடலாமா?"

மாடம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் தனி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. மகன் காலேஜ் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கிய பைக். அவன் வெளிநாடு போய்விட்டான். பைக் மட்டும் மாடிப்படிக்கு அடியில், பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஒரு உதாரணத்துக்கு, மாடம்பாக்கத்தில் அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். வாழ்க்கை முழுக்க அவர் ஓட்டியது ஒரு மொபெட், ஒரு ஸ்கூட்டர், பிறகு ஒரு 100 சிசி பைக். 'நல்ல' பைக் வாங்க நினைத்த வருஷங்களில் எல்லாம் மனைக்குத் தவணை, வீட்டுக்குத் தவணை, பிள்ளைகளுக்கு ஃபீஸ். போர்வையை விலக்கினால், உள்ளே 2010 மாடல் பஜாஜ் அவெஞ்சர் 220. விற்பதற்கு முன் தூசி தட்டுகிறார். சும்மா ஒருமுறை ஏறி உட்கார்கிறார்.

இரண்டு காலும் தரையில் முழுசாகப் பதிகின்றன. முதுகு நிமிர்ந்தே இருக்கிறது. கை தானாக ஹேண்டில்பாரில் போய் விழுகிறது.

"இரும்புக்காரரை அனுப்பிடும்மா... அப்புறம் பார்க்கலாம்" என்கிறார்.

அந்த சீட்டில் என்ன இருக்கிறது?

இதில் மாயம் எதுவும் இல்லை, அளவு கணக்குதான். தெருவெங்கும் ஓடும் ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மி.மீ. அவெஞ்சர் 220 க்ரூஸில் அது 737 மி.மீ. ஏறத்தாழ 5 செ.மீ. வித்தியாசம். முட்டி தேய்ந்தவருக்கு அந்த 5 செ.மீ. பெரிய விஷயம். காலைத் தூக்கிப் போடுவதும் சுலபம், சிக்னலில் நிற்கும்போது நுனிக்காலில் தள்ளாட வேண்டியதும் இல்லை.

இரண்டு சக்கரங்களுக்கு நடுவிலான தூரமும் இதில் அதிகம். ஸ்ப்ளெண்டரைவிடச் சுமார் 25 செ.மீ. நீளம். அதனால் நேர் ரோட்டில் வண்டி அலையாமல் போகும். ஃபுட்ரெஸ்ட் முன்னால் தள்ளி இருப்பதால் முட்டி அதிகம் மடங்காது. ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி இருப்பது அதனால்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கால் முன்னால் போய்விடுவதால், பள்ளம் வரும்போது சீட்டிலிருந்து லேசாக எழும்ப முடியாது. அடி நேராக முதுகுத்தண்டுக்குப் போகும். டிஸ்க் பிரச்னை உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் க்ரூஸர் பக்கம் போகவே கூடாது. நீளமான வண்டி என்பதால் குறுகலான தெருவில் ஒரே வீச்சில் யூ-டர்ன் அடிப்பதும் கஷ்டம்.

நம்ம ஊர் க்ரூஸர் கதை

தாழ்ந்த சீட், நீண்ட உடம்பு, நிமிர்ந்த உட்காரும் முறை. இந்த வடிவம் அமெரிக்காவின் நீண்ட நெடுஞ்சாலைகளுக்காகப் பிறந்தது. இந்தியாவில் சாதாரணக் குடும்பங்களின் கண்ணில் அது பட்டது 2000-க்குப் பிறகுதான். 2001-ல் கவாஸாகி பஜாஜ் எலிமினேட்டர் வந்தது. அடுத்து யமஹா என்டைஸர், ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு. எலிமினேட்டரின் இடத்தில் 2005-ல் அவெஞ்சர் வந்தது. 180 சிசியில் தொடங்கி, 200 ஆகி, 2010-ல் 220 ஆனது.

மாடம்பாக்கத்துக்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தம் உண்டு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து என்ஃபீல்டு கம்பெனியோடு சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. அதன் தொழிற்சாலை வடசென்னையில், திருவொற்றியூரில். தாய்க் கம்பெனி இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும், திருவொற்றியூரில் புல்லட் தயாராகிக்கொண்டே இருந்தது. 2013-ல் ஒரகடத்திலும், பிறகு வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் வந்தன. தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் ஒரகடம் பக்கம்தான்.

உடனே ஸ்டார்ட் பட்டனை அமுக்காதீங்க!

நம் உதாரண அப்பா அடுத்து செய்யப்போவது இதைத்தான். செய்யக் கூடாது.

வருஷக்கணக்கில் நின்ற வண்டியின் டேங்கில் இருக்கும் பெட்ரோல் கெட்டுப்போய், பிசின் மாதிரி படிந்திருக்கும். இந்தத் தலைமுறை அவெஞ்சரில் இருப்பது கார்புரேட்டர். அதன் நுண்ணிய ஜெட் துளைகளை அந்தப் பிசின் அடைத்துவிடும். முதலில் டேங்கைக் காலி செய்து, உள்ளே துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இன்ஜின் ஆயில், பேட்டரி, ஏர் ஃபில்டர் மூன்றும் புதிதாகவே போடலாம். வயரை எலி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம்.

அடுத்தது டயர். பட்டன் தேயவே இல்லையே என்று ஏமாற வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். '2310' என்றால் 2010-ம் வருஷம் 23-வது வாரம் தயாரானது. அவ்வளவு பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். மழையில் பிடிக்காது. மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஃப்ளூயிடும் அப்படித்தான். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பதால் புதிதாக ஊற்ற வேண்டும்.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் டியூப், சீல் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவற்றை மாற்றிவிட்டால் ஒழுகல் பயம் குறையும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடாமல் வாராவாரம் ஓட்டுவது நல்லது.

புது உதிரிபாகங்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டை. சென்னையின் பைக் மெக்கானிக்குகளுக்கு இந்த இரண்டு முகவரியும் மனப்பாடம்.

வீட்டில் வண்டி இல்லாமல், செகண்ட் ஹேண்டில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வண்டிகள் மூழ்கின. நம் புறநகரில் பழைய பைக் வாங்கும்போது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கேட்டே ஆக வேண்டும். சீட்டைத் தூக்கி, வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பேப்பர் வேலை

பைக்கின் பதிவு 15 வருஷம்தான் செல்லும். 2010-ல் பதிவான வண்டி 2025-லேயே அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டது. தாம்பரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 25 கொடுத்து, வண்டியை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை புதுப்பித்தால் 5 வருஷம். இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு வைத்திருக்கும் புதுப்பிப்புக் கட்டணம் 1,000 ரூபாய். 20 வருஷத்தைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000 ரூபாய். இதோடு பசுமை வரி, புகைச் சான்று, இன்ஷூரன்ஸ். வண்டி மகன் பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30.

லைசென்ஸையும் எடுத்துப் பாருங்கள். 55 வயதைத் தாண்டிப் புதுப்பித்தால் 5 வருஷத்துக்குத்தான் தருவார்கள். டாக்டர் சான்றிதழும் வேண்டும். காலாவதியாகி ஒரு வருஷத்தைத் தாண்டிவிட்டால், மறுபடி ஓட்டிக் காட்டித்தான் வாங்க முடியும். 60 வயதில் எட்டுப் போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அது நல்ல பயிற்சி.

மகளின் கேள்வி

விஷயம் தெரிந்ததும் மகளிடமிருந்து போன் வரும். "அப்பா, உங்களுக்கு எதுக்குப்பா இப்போ இது? வேணும்னா கேப் புக் பண்ணித் தர்றேன்."

அவளுடைய பயத்தில் நியாயம் இருக்கிறது. வயதாக ஆக, கண் பார்த்ததைக் கை செய்ய எடுக்கும் நேரம் கூடும். கேட்டராக்ட் ஆரம்பித்திருந்தால், எதிரே வரும் ஹெட்லைட் ராத்திரியில் கண்ணைக் கூசவைக்கும். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால், பிரேக் பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியாது. பழைய க்ரூஸர்களில் ஏ.பி.எஸ். கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குகளுக்கும் அது கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான்.

அப்பாவிடமும் ஒரு நியாயம் உண்டு. கேப் புக் பண்ணினால் போகிற இடத்துக்குப் போகலாம். ஆனால், போகிற வழி அவருடையதாக இருக்காது. ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு மாத்திரை, பால் பாக்கெட், பேரனின் வீடியோ கால் நேரம் என்று எல்லாமே மற்றவர்கள் போட்ட டைம்டேபிளாக மாறிவிடுகிறது. கிளட்ச்சும் கியரும் கையில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவர் போடும் டைம்டேபிள்.

ஜப்பானின் டோஹோகு பல்கலைக்கழகத்தில் மூளை ஆய்வாளர் ரியூட்டா கவாஷிமா, பைக்கையே தொடாமல் 10 வருஷத்துக்கு மேல் இருந்த நடுத்தர வயது ஆண்களில் ஒரு பிரிவினரை 2 மாதம் தினசரி பைக் ஓட்டச் சொல்லிப் பார்த்தார். ஓட்டியவர்களின் நினைவாற்றல் போன்ற திறன்கள் மேம்பட்டதாக 2009-ல் முடிவு வெளியானது. சின்ன ஆய்வு, யமஹாவோடு சேர்ந்து செய்தது. அதனால் மருந்துச் சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் மகளிடம் சொல்ல அப்பாவுக்கு ஒரு பாயின்ட் ஆச்சு!

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். இருட்டிய பிறகு ஓட்டுவதில்லை. மழையில் ஓட்டுவதில்லை. ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டும் ஷூவும் இல்லாமல் கிளம்புவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை. முதல் மாதம் பின்னால் யாரையும் ஏற்றுவதில்லை. அந்த மாதம் முழுக்க, ஆள் நடமாட்டம் குறைந்த மனைத் தெருக்களில் மெதுவாகத் திரும்புவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது என்று பழக வேண்டும். வேகத்தைவிட, 10 கி.மீ. வேகத்தில் சாயாமல் போவதுதான் கஷ்டம். ஒன்றரை குவிண்டால் வண்டி சாய ஆரம்பித்தால் கையால் பிடித்துவிட முடியாது.

ஞாயிறு காலை 6 மணி

இந்தப் பக்கத்தில் முதல் சவாரிக்கு நல்ல வழி ஒன்று உண்டு. தேனுபுரீஸ்வரர் கோயிலில் ஒரு கும்பிடு. அங்கிருந்து அகரம்தென் வழியாக வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை. கேளம்பாக்கம் தாண்டி, இருபுறமும் கழிமுகத் தண்ணீர் விரிந்து கிடக்க, கோவளம். 50-ஐத் தாண்டாமல் போனாலும் ஒரு மணி நேரத்தில் கடல் தெரியும். ஒரு காபி குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். கேம்ப் ரோடு சிக்னல் நெரிசல் ஆரம்பிக்கும் நேரத்தில் அப்பா வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

எப்போது நிறுத்த வேண்டும் என்பதற்கும் ஒரு அளவுகோல் வேண்டும். வண்டியைத் தனியாக சென்டர் ஸ்டாண்டோ, சைடு ஸ்டாண்டோ போட முடியாத அன்றும், சிக்னலில் நின்றபின் எந்த கியரில் இருக்கிறோம் என்பது அடிக்கடி குழம்ப ஆரம்பித்த அன்றும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். யாரும் வந்து பிடுங்குவதற்கு முன், தானாகவே.

அதுவரை பின்சீட் காலியாக இருக்க வேண்டியதில்லை. அவெஞ்சரில் பின்னால் உட்காருபவருக்குச் சாய்மானம் உண்டு. முந்தானை சக்கரத்தில் சிக்காமல் இருக்க சேலை கார்டு மாட்டியாக வேண்டும், இரண்டாவது ஹெல்மெட்டும் வாங்க வேண்டும்.

இரண்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாடிப்படிக்கு அடியிலிருந்து வண்டியை வெளியே தள்ளுகிறார் அப்பா. வாசலில் ஹெல்மெட்டோடு நிற்கிறார் அம்மா.

"ஏங்க, மெதுவாப் போவீங்கல்ல?"

"நீ ஏறும்மா, போலாம்."