சுவருக்குக் காப்பீடு உண்டு, சாமானுக்கு?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணித் தண்ணீர் வடிந்த பிறகு ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஒரு வளவுக்குப் போயிருந்தோம். முன்னால் நான்கு ஓட்டு வீடுகள், பின்னால் ஓலை வேய்ந்த இரண்டு வீடுகள். ஆறிலும் வாடகைக்கு இருப்பவர்கள் நம் மக்கள்.

தையல் வேலை செய்யும் ஒரு அக்கா, சேறு அப்பிய மெஷினை வாசலில் கவிழ்த்துப்போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். மோட்டார் போய்விட்டது. குழுக்கடனில் வாங்கிய மெஷின் அது, தவணை இன்னும் பாக்கி. கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பும் பீரோவுக்குள் இருந்த சான்றிதழ்களும் ஒரே கூழாகக் கிடந்தன. “ஓனருக்குச் சொவராவது மிஞ்சுச்சு. எங்களுக்கு என்ன மிஞ்சுச்சு, சொல்லுங்க” என்று கேட்டார். அரசு அறிவித்த 6,000 ரூபாய் அந்தப் பகுதி குடும்ப அட்டைக்கு வந்தது. இவருடைய அட்டை விருதுநகர் பக்கம் சொந்த ஊரில் இருந்தது.

அந்த வளவின் ஓனர் வங்கிக் கடனில் வீட்டைப் பழுது பார்த்தவர். கடன் கொடுத்த வங்கி கட்டடத்துக்குக் காப்பீடு எடுக்க வைத்திருந்தது. அந்தப் பாலிசி சுவரையும் கூரையையும் காக்கும், குடியிருப்பவரின் அரிசி மூட்டையைக்கூட அது பார்க்காது. அக்காவின் குழுக்கடனிலும் ஒரு காப்பீடு பிடித்திருந்தார்கள். அவர் இறந்துபோனால் கடன் அடையும், மெஷின் போனால் ஒன்றும் இல்லை. நம் தலையில் கட்டப்படும் காப்பீடுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை நமக்குக் கொடுத்தவர்களின் பணத்தைக் காப்பவை. நம் பணத்தில் நம் பொருளைக் காக்கும் காப்பீட்டைப் பற்றி மட்டும் யாரும் வந்து சொல்வதில்லை.

அப்படி ஒன்று இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருக ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியது. சொந்த வீடு இருப்பவர் கட்டடத்தையும் சேர்த்து எடுப்பார். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்கு மட்டும் எடுக்கலாம். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். பழைய பொருளின் தேய்மானத்தைக் கழித்துக்கொண்டு கொடுக்காமல், அதே போன்ற புதுப் பொருளின் விலையைக் கொடுப்பது இதன் நல்ல அம்சம். ஒரு லட்சம் ரூபாய்ச் சாமானுக்குத் தீ, வெள்ளம் அளவில் எடுத்தால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பேருந்து நிலையத்தில் ஒரு குடும்பம் ஒருவேளை சாப்பிடும் செலவு.

அந்தப் பட்டியலில் இன்னொரு வரியும் இருக்கிறது, நாம் நிறுத்தி வாசிக்க வேண்டிய வரி. கலவரமும், வேண்டுமென்றே செய்யும் சேதமும் இந்தப் பாலிசிக்குள் வருகின்றன. அப்படி ஒரு நிகழ்வு நடந்து ஏழு நாளுக்குள், அதன் விளைவாகப் பொருள் திருடு போனால் அதுவும் வரும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்ச் சம்பாதித்து வாங்கிய டிவி, பீரோ, பைக் என்று தேடித்தேடி எரித்தார்கள். பிள்ளைகளின் புத்தகங்களையும் சான்றிதழ்களையும்கூட விடவில்லை. நாம் சேர்த்த சாமான்தான் கண்ணை உறுத்தியது என்பதை அந்தச் சாம்பலைப் பார்த்தவர்கள் சொல்வார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும், நம் இளைஞர்களே கேட்கிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி நிவாரணமும் மறுவாழ்வும் தர வேண்டியது அரசின் கடமையாக இருக்கும்போது, நாம் ஏன் காசு கட்டி நம்மைக் காத்துக்கொள்ள வேண்டும்? கேள்வியில் நியாயம் இருக்கிறது. பாலிசி இருக்கிறது என்று சொல்லி எந்த அதிகாரியும் அந்தக் கடமையிலிருந்து நழுவ விடக்கூடாது. ஆனால் சட்ட நிவாரணம் முதல் தகவல் அறிக்கையிலிருந்து தொடங்குகிறது, அந்த அறிக்கைக்கே நாம் எத்தனை நாள் காவல் நிலைய வாசலில் நின்றிருக்கிறோம் என்பது ஊருக்குத் தெரியும். மழை நிவாரணமோ அரசு அறிவிக்கும் தொகை. பாலிசி அப்படியல்ல. பிரீமியம் கட்டிய ரசீது கையில் இருந்தால் அது ஒப்பந்தம். கருணை மனு எழுத வேண்டியதில்லை, ‘எனக்குச் சேர வேண்டியது’ என்று கேட்கலாம். இந்த வேறுபாட்டுக்காகவே சில நூறு ரூபாய் தகும் என்பது நம் கருத்து.

இந்தப் பாலிசிக்கு ஓட்டைகளும் உண்டு. சாதாரணத் திருட்டு இதில் தானாக வராது, பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். ரொக்கப் பணமும் ஆவணங்களும், பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டால் ஒழிய, கிடையாது. ஆகவே சான்றிதழ்களைப் பாலிசியை நம்பி பீரோவில் வைக்காதீர்கள், டிஜிலாக்கரில் ஏற்றுங்கள். நகையையும் வாயால் சொல்லிவிட்டு விடக்கூடாது, விவரத்தோடு எழுத வேண்டும். சாமானின் மதிப்பைக் குறைத்து எழுதினால் பிரீமியம் குறையும் என்று ஏஜென்ட் சொல்லலாம். குறைத்து எழுதிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் வராது என்பதை அவர் சொல்லமாட்டார். மெஷின், பிரிட்ஜ், மிக்சி, கட்டில், லேப்டாப், பாத்திரம், துணி எல்லாவற்றுக்கும் இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். நம் வீட்டில் ஒன்றுமில்லை என்று சொல்பவர்கள்கூட ஒரு லட்சத்தைத் தாண்டுவதைப் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு பொருளையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பி வையுங்கள்.

வாடகை ஒப்பந்தம் இல்லாமல் குடியிருப்பதும் நம்மைக் கெடுக்கிறது. 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், நகரப் பகுதிகளில் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கவும் கூடாது என்கிறது. ஆனால் ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று கேட்டு, பதிலைக் கேட்டபின் ‘வீடு முடிஞ்சிருச்சு’ என்று சொல்லும் ஊரில், கிடைத்த வீட்டில் காகிதம் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. பாளையங்கோட்டையில் அறை எடுத்துப் படிக்கும் நம் மாணவர்கள் பலரிடம் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. இழப்பீடு கேட்கும்போது அந்த வீட்டில்தான் குடியிருந்தோம் என்று காட்ட வேண்டும். வாடகையை ஜிபேயில் அனுப்புங்கள், கேஸ் ரசீதை எடுத்து வையுங்கள். ஒப்பந்தம் கிடைக்காதவருக்கு அதுவாவது இருக்கட்டும்.

ஒரு ஏஜென்டிடம் நாமே முகவரியைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோம். தெருப் பெயரைக் கேட்டவுடன், “அந்தப் பக்கமெல்லாம் கம்பெனி எடுக்காதுங்க” என்றார். அப்படி ஒரு விதி இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்றோம், அதன்பின் போனை எடுக்கவில்லை. இதுபோல் நடந்தால் ஏஜென்டை விட்டுவிட்டு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்களின் கிளைக்கே நேராகப் போங்கள். புகார் சொல்ல ஒழுங்குமுறை ஆணையத்தின் இலவச எண் 155255. இழப்பீட்டை மறுத்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், அங்கே கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

இனி அரசிடம் கேட்க வேண்டியது. 2005இல் சிறு காப்பீட்டு விதிகள் வந்தபோது, குடிசை, கால்நடை, கருவிகள் என்று பெயர் சொல்லியே எழுதினார்கள். வீட்டுக்கும் சாமானுக்கும் 5,000 முதல் 30,000 ரூபாய் வரை காப்பீடு என்று அட்டவணையும் போட்டார்கள். இருபது ஆண்டுகளாக அதை விற்க நம் தெருவுக்குள் வந்த ஒருவரையும் நாம் பார்த்ததில்லை. ஆண்டுக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டை வங்கிக் கணக்கு வழியாகக் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுக்க முடிகிறது. அதே வழியில் சாமானுக்கு ஒரு குழுக் காப்பீடு ஏன் முடியாது? தாட்கோ கடன் கொடுக்கும்போதே அந்தக் கருவிக்கு, கடன்காரர் பெயரிலேயே, காப்பீடு எடுத்துக் கொடுக்கலாம். விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே அறை எடுக்கும் மாணவருக்கு உதவித்தொகையோடு இதையும் சேர்க்கலாம். தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. வாடகை வீட்டுக்காரரின் பாத்திரத்துக்கு எடுக்கும் காப்பீட்டுக்கு இன்னும் 18 சதவீதம் வாங்குகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் கூரை. ஓலை, கீற்று, தார்ப்பாய், மூங்கில் தட்டி என்றால் நிறுவனங்கள் அதைக் கச்சா கட்டடம் என்று தனியாகப் பிரிக்கின்றன. பிரீமியத்தைக் கூட்டுகிறார்கள், அல்லது எடுக்கவே தயங்குகிறார்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும் வீட்டுக்குக் காப்பீடு கிடைப்பது கடினம் என்பது அவர்கள் கணக்கில் சரியாக இருக்கலாம்.

அந்த வளவுக்குப் போன மாதம் மறுபடி போயிருந்தோம். தையல் அக்கா பாலிசி எடுத்திருக்கிறார். மெஷினின் படத்தைச் செல்போனில் காட்டினார். ஓட்டு வீடுகளில் இன்னும் இரண்டு குடும்பங்கள் எடுத்திருக்கின்றன. பின்னால் இருக்கும் இரண்டு ஓலை வீட்டுக்காரர்களும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் வரவில்லை.