நாலு பேட்டரியில் ஒரு தீவு

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றே மலர்க்குழு நண்பர்கள் சொல்லிவிட்டார்கள்: "தன்னம்பிக்கை, சுற்றுச்சூழல், இளைஞர் சக்தி மூணுக்கும் தலா நாலு கட்டுரை வந்தாச்சு. வேற ஏதாவது எழுதுப்பா." ஆகவே நண்பர்களே, நான் ஒரு வீடியோ கேமைப் பற்றி எழுதுகிறேன். "படிக்கிற பையன் எழுதுற விஷயமா இது?" என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக் கவிதைக்குப் போய்விடலாம். எனக்குக் கோபமில்லை.

விளையாட்டின் பெயர் 'லிங்க்ஸ் அவேக்கனிங்'. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் தனது 'கேம்பாய்' என்ற கையடக்கக் கருவிக்காக 1993-இல் வெளியிட்டது. 'செல்டா' வரிசையில் வந்த விளையாட்டு. ஆனால் செல்டா இளவரசி இதில் கிடையாது. புயலில் படகு உடைந்து, லிங்க் என்ற வாலிபன் கோஹோலின்ட் தீவில் கரை ஒதுங்குகிறான். தீவின் மலை உச்சியில் ஒரு பெரிய முட்டை. அதற்குள் 'காற்று மீன்' தூங்குகிறது. எட்டு இடங்களில் பூதங்களோடு சண்டை போட்டு எட்டு வாத்தியங்களைக் கொண்டுவந்து முட்டையின் முன் வாசித்தால் மீன் விழிக்கும். அப்போதுதான் லிங்க் ஊர் திரும்ப முடியும். பாதி தூரம் போகும்வரை நமக்குத் தெரிகிற கதை இவ்வளவுதான்.

என் கைக்கு வந்தது மாமா தொண்ணூறுகளில் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. பரண் மேல் அட்டைப்பெட்டியில் கிடந்தது. கருவிக்குள் பேட்டரி கசிந்து ஸ்பிரிங் எல்லாம் பச்சை பூத்துவிட்டது. வினிகர் தொட்டுத் துடைத்தேன். கேட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் செல் இருக்கும். நாம் எதுவரை ஆடினோம் என்ற கணக்கு அந்தச் செல்லின் தயவில்தான் நிற்கும். அதுவும் செத்திருந்தது. புதுச் செல் ஒன்றை வைத்து சால்டரிங் செய்தேன். மாமாவின் பழைய ஆட்டம் எப்போதோ அழிந்துபோயிருந்தது. "எதுவரைக்கும் போனீங்க மாமா?" என்று கேட்டேன். "முட்டைக்குள்ளயே போயிட்டேன்டா. உள்ள எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே ரூம்தான் வந்துது. வழி தெரியாம விட்டுட்டேன். அப்புறம் கல்யாணம் ஆயிடுச்சு" என்றார். இது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் விடுதி அறையில் இந்த விளையாட்டை வைத்து ஒரு மாதம் பட்டிமன்றமே நடந்தது. என் அறைத் தோழன் கட்சி இது: "ரெண்டே பட்டன், நாலே ஷேடு. அதுக்குள்ள எப்படிப் பண்ணியிருக்கான் பாரு! குறைதான்டா நிறை!" நான் இதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்கிறேன்.

கருவியைக் கொஞ்சம் பார்ப்போம், நம் துறை விஷயமாயிற்றே. 1989-இல் வந்த கேம்பாயின் திரையில் குறுக்கே 160, நெடுக்கே 144 புள்ளிகள். நிறம் என்றால் பாசி படிந்த மாதிரி நாலு சாயல். வேலை செய்ய 8 கிலோபைட் ராம். இந்த விளையாட்டு முழுவதும் அரை மெகாபைட் கேட்ரிட்ஜில் அடங்கிவிட்டது. நம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. ஓடுவதற்கு நாலு பென்சில் பேட்டரி. ஆடுவதற்கு, திசைப் பட்டனை விட்டால், ஏ, பி என்று இரண்டே பட்டன்.

இந்தச் சிறுமைதான் விளையாட்டின் பெரிய பலம் என்பதில் எனக்கும் தோழனுக்கும் சண்டையே இல்லை. மொத்தத் தீவும் பதினாறுக்குப் பதினாறு, அதாவது 256 கட்டங்கள். ஒரு கட்டம் ஒரு திரை. ஒரு வாரம் ஆடினால் எந்தப் பாறைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது நம் தெரு மாதிரி மனப்பாடம் ஆகிவிடும். ஊரில் ஒரு தாத்தா இருக்கிறார். நேரில் போனால் வெட்கத்தில் வாயே திறக்க மாட்டார்; போன் போட்டால் விலாவாரியாக யோசனை சொல்வார். இன்னொரு ஆள், தான் பிறகு மலையில் வழி தெரியாமல் மாட்டிக்கொள்ளப் போவதாக முன்கூட்டியே சொல்லிவைக்கிறார். சொன்னபடியே மாட்டிக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருக்கிறார். கடையில் பொருளைத் திருடிக்கொண்டு ஓடிப் பாருங்கள். அதன் பிறகு உங்கள் பெயரே போய்விடும்; எல்லோரும் 'திருடன்' என்றுதான் கூப்பிடுவார்கள். மறுபடி அந்தக் கடைக்குள் போனால் உயிர் தங்காது. (இது சொந்த அனுபவம்.)

இயக்குநர் தகாஷி தெசுகா, 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் போல, சின்ன ஊர், கொஞ்சம் பேர், ஆனால் ஒவ்வொருவரும் ஒரு தினுசு என்று வைக்க விரும்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இந்த வேலையே அலுவலக நேரம் முடிந்தபின் சில பேர் ஆசைக்கு ஆரம்பித்ததுதான். பரீட்சைக்குப் படிக்காமல் லேபில் உட்கார்ந்து நாம் எதையாவது ஒளிர வைப்போமே, அந்த ஜாதி.

இரண்டு பட்டன் விஷயத்திலும் தோழனுக்கு ஒரு பாயிண்ட் கொடுத்தாக வேண்டும். வாளுக்கென்று நிரந்தரப் பட்டன் கிடையாது. எந்தப் பொருளை வேண்டுமானாலும் எந்தப் பட்டனிலும் வைக்கலாம். இறகை வைத்தால் குதிக்கலாம். ஓட்டக் காலணியை வைத்தால் பாயலாம். இரண்டையும் சேர்த்தால் பெரிய பள்ளத்தையே தாண்டலாம். வில்லையும் வெடிகுண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால் குண்டு கட்டிய அம்பு பறக்கிறது! யாரும் சொல்லித் தராமல் இதை நாமே கண்டுபிடிக்கும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே...

ஏழாவதாக வரும் கோபுரத்தையும் சொல்லியாக வேண்டும். சிவில் நண்பர்கள் கவனிக்க: ஓர் இரும்புக் குண்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து நாலு தூண்களை இடித்தால், மேல் மாடி அப்படியே இறங்கிக் கீழ் மாடியில் உட்காருகிறது. அதுவரை ஒவ்வொரு அறையாக யோசித்தவன், முழுக் கட்டடத்தையும் மனசுக்குள் நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி என் கட்சி.

வாள், கேடயம், இறகு, கல் தூக்கும் காப்பு, காலணி, வில், கொக்கி என்று பொருள் சேரச் சேர இரண்டு பட்டன் திணற ஆரம்பிக்கிறது. ஒரு கல்லைத் தூக்க, விளையாட்டை நிறுத்திக் காப்பை மாட்டு. அடுத்த அடியில் பள்ளம். மறுபடி நிறுத்தி இறகை மாட்டு. அந்தப் பக்கம் எதிரி, வாளை மாட்டு. கடைசிக் கட்டங்களில் சண்டை போட்ட நேரமா, மாட்டிக் கழற்றிய நேரமா, எது அதிகம் என்று சந்தேகமே வந்துவிட்டது. சரி, கருவியில் பட்டன் இரண்டுதான். அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? விட்டுவிடுவோம்.

ஆனால் விட முடியாத ஒன்று இருக்கிறது. காப்பை மாட்டாமல் தெரியாத்தனமாக ஒரு கல்லின் மேல் உரசிவிட்டால் போதும், 'இது கனமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு அறிவிப்பு வந்து ஆட்டமே நின்றுவிடும். அமுக்கித் தள்ளினால்தான் நகரும். முதல் தடவை சரி. நூறாவது தடவையும் அதே அறிவிப்பா? எதிரியைக் கொன்றால் எப்போதாவது ஒரு சக்திப் பொருள் விழும். அதை எடுத்தாலும் ஒவ்வொரு முறையும் அதே பாட்டு. இதற்கும் பட்டனுக்கும் என்ன சம்பந்தம்? 'முதல் தடவை மட்டும் காட்டு' என்று வைக்க ஒரு பிட் நினைவகம் போதுமே!

இந்த இடத்தில் எங்கள் புராஜெக்ட் கதை ஒன்று. எங்கள் குழுவுக்கு நேரத்துக்குக் கீபேட் கிடைக்கவில்லை. இரண்டு ஸ்விட்சை வைத்து முடித்துவிட்டு, வைவாவில் "குறைந்த பாகங்களில் முடித்தோம் சார்" என்று நெஞ்சை நிமிர்த்தினோம். எக்ஸ்டர்னல் பொறுமையாகக் கேட்டார்: "கீபேட் இல்ல, சரி. தப்பா அமுக்கிட்டா திரும்பி வர வழி ஏன் வைக்கல? அதுக்கு எந்தப் பார்ட் வாங்கணும் தம்பி?" நாலு பேரும் சுவரைப் பார்த்தோம். தோழனும் அந்த நாலு பேரில் ஒருவன்தான். அதற்குப் பிறகும் 'குறைதான் நிறை' என்கிறான்.

மாமா மாட்டிக்கொண்டதும் இதே வகைதான். தீவில் ஒரு பண்டமாற்று உண்டு. ஒரு பொம்மையில் ஆரம்பித்து ரிப்பன், நாய்த் தீனி, வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு பூதக்கண்ணாடி கிடைக்கும். அது இருந்தால்தான் நூலகத்தில் இருக்கும் ஒரு புத்தகத்தைப் படிக்க முடியும். முட்டைக்குள் போகும் வழி அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. இந்த மாற்று வேலை சும்மா வேடிக்கைக்கு என்று நினைத்து மாமா நடுவில் விட்டிருக்கிறார். வழி முழுக்க ஓர் ஆந்தை பறந்து வந்து தெரிந்ததையே திரும்பச் சொல்கிறது. இதையும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?

1998-இல் கலரில் ஒரு பதிப்பு வந்தது. 2019-இல் ஸ்விட்ச் கருவிக்காகப் புதிதாகவே செய்தார்கள்; வாள், கேடயம், காப்பு, காலணி எல்லாவற்றுக்கும் தனிப் பட்டன் வைத்தார்கள். தீவும் கதையும் அப்படியே இருக்க, மாட்டிக் கழற்றும் தொல்லை மட்டும் பெரும்பாலும் போய்விட்டது. குறையை எடுத்தாலும் நிறை நிற்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கடைசியாக, முடிவு. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆறாவது வாத்தியத்தைத் தேடும் கட்டத்தில் ஒரு பாழடைந்த கோயில் சுவரில் உண்மை எழுதியிருக்கிறது: தீவு முழுவதும் காற்று மீனின் கனவு. மீன் விழித்தால் தீவும் இல்லை, தாத்தாவும் இல்லை, நம்மைக் கரையிலிருந்து காப்பாற்றிய மாரின் என்ற பெண்ணும் இல்லை. அவளோ கடற்கரையில் உட்கார்ந்து, கடற்பறவையாய்ப் பிறந்திருந்தால் தூர தேசம் போயிருப்பேனே என்று சொன்னவள். மிச்சமிருக்கும் வாத்தியங்களை எடுக்கத்தான் வேண்டுமா? விளையாட்டு வேறு வழியே தராது. முடி, இல்லையென்றால் மூடி வை. 'தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லையே' என்று தோழன் இதைக் குறை என்கிறான். இங்கே மட்டும் கட்சி மாறிவிட்டான்! நான் குறை என்று சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கருவியை எடுக்காமல் இருந்தேன். பிறகு எடுத்தேன்.

முடித்த அன்று மாமாவுக்குப் போன் செய்து முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு?" என்று மட்டும் கேட்டார். ஒரு தடவைகூடச் சாகாமல் ஆடி முடித்தால் கடைசியில் அவள் தெரிவாள் என்றேன். நான் செத்த கணக்கை விளையாட்டே குறித்து வைத்திருக்கிறது: 47.

"அடுத்த வாரம் வந்து வாங்கிக்கிறேன், வச்சிரு" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் ஆடிப் பார்க்க நினைப்பவர்கள் விடுதிக்கு வரலாம். நாலு பேட்டரி கையோடு கொண்டுவரவும்.