விஷத்துக்கு ஒரு விலாசம்

சகோதரிகளே, ஐப்பசி மாதத்தில் பெரம்பலூர், அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் பக்கம் போயிருக்கிறீர்களா? கம்பிப் பந்தலில் செங்காந்தள் தீப்பற்றிய மாதிரி பூத்திருக்கும். நம் ராஜ்யத்தின் பூ! ஊரில் அதற்குக் கண்வலிப் பூ என்றே பேர். காலை வேளையில் பெண்கள் ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் கையாலேயே தடவுவார்கள். அப்போதுதான் காய் நன்றாகப் பிடிக்கும், விதைக்குத்தானே காசு!

"கிழங்கைத் தொட்ட கையை வாயிலே வெச்சுடாதே, கண்ணு" என்றார் அங்கே ஒரு பாட்டி.

பாட்டி சொன்னது சத்தியம். கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்சிஸின் என்ற விஷம். நம் உடம்பில் ஒரு செல் இரண்டாகப் பிரிய, உள்ளே நூல் போன்ற இழைகள் வேண்டும். அந்த நூலைத் திரிக்கவொட்டாமல் தடுத்துவிடும் இது. பிரிய முடியாத செல் செத்துப் போகும்.

"அப்படியானால் புற்றுநோய்க்கு இதையே கொடுத்தால் என்ன?" என்பீர்கள். குடலும் எலும்பு மஜ்ஜையும்கூட ஓயாமல் செல் பிரிகிற இடங்களாயிற்றே! முதலில் அவைதான் பாழாகும். 'கௌட்' வலிக்கு டாக்டர் கொடுப்பதுகூட மில்லிகிராம் கணக்கில்தான். கிழங்கை அரைத்துக் குடித்தால் கட்டி கரையும் என்று யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இதே போல நூலை அறுக்கும் இன்னொரு விஷம் மேடான்ஸின். 1972-ல் எத்தியோப்பியச் செடியொன்றிலிருந்து அமெரிக்க ரசாயன நிபுணர் குப்சான் பிரித்தெடுத்தார். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, தாங்காது என்று கைவிட்டார்கள்.

பிறகு வந்ததுதான் ரிஜிஸ்தர் தபால் யுக்தி. சிலவகை மார்பகப் புற்றுநோயில், செல்லின் மேல் 'ஹெர்-2' என்ற புரதம் மிதமிஞ்சி இருக்கும். அதை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிதான் தபால்காரர். அதன் முதுகில் மேடான்ஸின் வம்சத்து விஷம், சராசரி மூன்று நான்கு துளி அணுக்கூட்டம், ஒட்டப்பட்டிருக்கும். செல்லுக்குள் போன பிறகுதான் கவர் பிரியும். அமெரிக்காவில் 2013-ல் அனுமதி பெற்ற இந்த மருந்து இந்தியாவிலும் கிடைக்கிறது.

ஹெர்-2 மிகுந்த கட்டிக்குத்தான் இது பலிக்கும். அதனால் கட்டியைப் பரிசோதித்த ரிப்போர்ட்டில் அந்த வரி என்ன சொல்கிறது என்று டாக்டரைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். தபாலிலும் சில கவர்கள் வழியிலேயே கிழிவதுண்டு. ரத்தத்தில் தட்டணுக்கள் குறையலாம், ஈரல் நோகலாம். மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை.