உயர்த்திய கைகள் ஏடுகளையும் புரட்டட்டும்!

ஃபலஸ்தீனில் குண்டு விழுந்தால் மண்ணடியில் சுவரொட்டி முளைக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் கூட்டம் கூடுகிறது. இளைஞர்கள் தொண்டை வறளக் கோஷம் எழுப்புகிறார்கள். வியாபாரிகள் கடையை அரை நாள் அடைத்துவிட்டு வந்து நிற்கிறார்கள். நிதி என்று துண்டை விரித்தால் எண்ணிப் பார்க்காமல் போடுகிறார்கள். இந்த உணர்வைக் குறை சொல்ல யாருக்கும் அருகதை இல்லை. அதற்குரிய கூலியை அல்லாஹ் தருவான்.

கூட்டம் கலைந்த பிறகு, அதே இளைஞரைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "தம்பி, ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242ஆவது தீர்மானம் என்ன சொல்கிறது? காஸா போர் நிறுத்தம் பற்றிய வாக்கெடுப்புகளில் நம் இந்திய அரசு எந்தப் பக்கம் நின்றது?" பதில் வராது. மேடையில் ஒரு மணி நேரம் முழங்கிய பேச்சாளரிடம் கேட்டாலும் வராது என்பதுதான் வேதனை. அந்தப் பேச்சாளர்களில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன். ஆகவே யாரையும் குத்திக்காட்ட இதை எழுதவில்லை.

1990களின் பிற்பகுதியில் இராக் மீதான பொருளாதாரத் தடையைக் கண்டித்துத் தெருமுனைக் கூட்டங்கள் நடந்தன. 1990 ஆகஸ்ட் 2 அன்று சதாம் ஹுசைன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். நான்கே நாட்களில், ஆகஸ்ட் 6 அன்று, பாதுகாப்பு சபை 661ஆவது தீர்மானத்தின் மூலம் தடையை விதித்தது. குவைத்தை விட்டு இராக் படை விரட்டப்பட்ட பிறகும் தடை நீங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. "ஐந்து லட்சம் குழந்தைகளைக் கொன்றுவிட்டார்கள்!" என்பதுதான் அன்று எல்லா மேடைகளிலும் ஒலித்த வாசகம். நானும் அதையே சொன்னேன். எங்கிருந்து வந்த எண் அது என்று நான் கேட்கவில்லை. கேட்டவர்களும் யாருமில்லை.

பல ஆண்டுகள் கழித்து ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் கேட்டார். தேடினேன். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் சார்பில் 1995இல் பாக்தாதில் எடுக்கப்பட்ட ஒரு கணக்கெடுப்பிலிருந்து அந்த எண் கிளம்பியிருக்கிறது. அதே வீடுகளுக்கு மறுபடி போய் விசாரித்தபோது முதல் கணக்கு நிற்கவில்லை. 1997இல் ஆய்வு செய்தவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். 1999இல் யுனிசெப் அமைப்பும் ஏறத்தாழ அதே எண்ணைச் சொன்னது. சதாம் ஆட்சி வீழ்ந்த பிறகு நடந்த ஆய்வுகளில் குழந்தை இறப்பு அந்த அளவுக்கு உயர்ந்ததற்கான தடயமே இல்லை. 1999 கணக்கெடுப்பில் சதாம் அரசு கைவைத்துவிட்டது என்று 2017இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை விரிவாகக் காட்டியது.

அப்படியானால் இராக் மக்கள் துன்பப்படவே இல்லையா? பட்டார்கள். பாக்தாதில் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே, இந்தத் தடைக்குத் துணைபோக என்னால் முடியாது என்று 1998இல் பதவியைத் தூக்கியெறிந்தார். அவருக்கு அடுத்து வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இல் அதே காரணத்துக்காக வெளியேறினார். அமெரிக்காவின் ஐ.நா. தூதராக இருந்த மேடலின் ஆல்பிரைட்டிடம் 1996 மே மாதம் தொலைக்காட்சியில் அந்த ஐந்து லட்சம் கணக்கைச் சொல்லிக் கேட்டபோது, அந்த விலை தகுந்ததுதான் என்றார். அவர் எண்ணை மறுக்கவில்லை. பிறகு அந்தப் பதிலுக்காகத் தானே வருந்தினார். இவை எதையும் எந்த ஆய்வும் பொய்யாக்க முடியாது. உறுதியான சரக்கு கையில் இருக்கும்போது, உடைந்துபோகும் சரக்கைக் கடையின் முன்வரிசையில் அடுக்கிவைத்தோம். இன்று அந்த ஒரு எண்ணைக் காட்டி, இராக்கின் மொத்தத் துயரத்தையும் கட்டுக்கதை என்று எதிரி சொல்கிறான். அவன் கையில் கோலைக் கொடுத்தது யார்?

செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம் நம்மில் பலருக்கு மனப்பாடம். அந்த வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிற அதே விரல்தான், அடுத்த நிமிடம் எந்த நாட்டில் எடுத்தது என்றே தெரியாத படத்தையும் அனுப்புகிறது.

வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஒரு மனை வாங்கும்போது தரகர் சொல்வதைக் கேட்டுப் பணம் கொடுப்பீர்களா? மூலப் பத்திரம் கேட்பீர்கள். வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். பத்திரத்தில் ஒரு 'மேற்படி' விட்டுப்போனால் எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடக்கவேண்டி வரும் என்று உங்களுக்குத் தெரியும். சர்வதேச அரசியலும் பத்திரத்தில்தான் நடக்கிறது. 1967 நவம்பர் 22 அன்று நிறைவேறிய 242ஆவது தீர்மானத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுப் போரில் ஆக்கிரமித்த நிலப்பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் விலகவேண்டும் என்கிறது அது. ஆங்கில வாசகத்தில் 'டெரிட்டரீஸ்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தி' என்ற சின்னச் சொல் இல்லை. பிரெஞ்சு வாசகத்தில் அதற்கு இணையான சொல் இருக்கிறது. "எல்லா நிலப்பகுதியும் என்று எங்கே சொல்லியிருக்கிறது?" என்று இஸ்ரேல் அன்றிலிருந்து இன்றுவரை வாதாடுவது இந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான்!

ஆனால் அதே தீர்மானத்தின் முன்னுரையில், போரின் மூலம் நிலத்தைச் சேர்த்துக்கொள்வது ஏற்கத்தக்கதல்ல என்று எழுதியிருக்கிறது. இஸ்ரேல் தரப்பு இந்த வரியை வாசித்துக் காட்டுவதில்லை. நாமும் வாசிக்காததால் எடுத்துக் காட்டுவதில்லை. முழுத் தீர்மானமும் ஒரே பக்கம். ஒரு டீ குடிக்கும் நேரம்.

நம் நாட்டுக் கணக்குக்கு வருவோம். ஃபலஸ்தீனைப் பங்குபோடும் தீர்மானம் 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச் சபையில் வாக்குக்கு வந்தபோது ஆதரித்தவை 33 நாடுகள், எதிர்த்தவை 13, நடுநிலை 10. எதிர்த்த 13இல் இந்தியா ஒன்று. ஃபலஸ்தீன விடுதலை இயக்கத்தை 1974இலும், ஃபலஸ்தீன அரசை 1988இலும் இந்தியா அங்கீகரித்தது. 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு வைத்துக்கொண்டது. காஸா போர் தொடங்கிய பிறகு, 2023 அக்டோபர் 27 அன்று சண்டை நிறுத்தம் கோரிய தீர்மானத்தில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. டிசம்பர் 12 அன்று போர் நிறுத்தம் கோரிய தீர்மானத்தை 153 நாடுகளோடு சேர்ந்து ஆதரித்தது. 2025 ஜூன் 12 அன்று 149 நாடுகள் போர் நிறுத்தத்தை ஆதரித்தபோது மீண்டும் ஒதுங்கிய 19இல் நின்றது. அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று, இரு நாடுகள் தீர்வை வலியுறுத்தும் நியூயார்க் பிரகடனத்தை ஆதரித்து வாக்களித்தது.

அரசு ஃபலஸ்தீனை முற்றாகக் கைவிட்டுவிட்டது என்கிறார் ஒருவர். அரசின் நிலை துளியும் மாறவில்லை என்கிறார் மற்றொருவர். இருவருமே இந்தப் பட்டியலைப் பார்த்ததில்லை! எந்த நாடு எப்படி வாக்களித்தது என்பதை ஐ.நா.வின் மின்னணு நூலகம் காசு வாங்காமல் காட்டுகிறது. வாக்களித்த பிறகு நம் தூதர் சபையில் தந்த விளக்கத்தையும் படிக்கலாம். குறை சொல்வதானாலும் அதைப் படித்துவிட்டுச் சொன்னால்தான் அரசு பதில் சொல்லக் கடமைப்படும்.

ஆயுதக் கணக்கும் அப்படித்தான். ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் 1966இல் தொடங்கிய ஸிப்ரி என்ற சமாதான ஆய்வு நிறுவனம், யார் யாருக்கு ஆயுதம் விற்கிறார் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2019 முதல் 2023 வரை இஸ்ரேல் வாங்கிய பெரும் ஆயுதங்களில் 69 விழுக்காடு அமெரிக்காவிடமிருந்தும் 30 விழுக்காடு ஜெர்மனியிடமிருந்தும் வந்தன. அதே காலத்தில் இஸ்ரேல் விற்ற ஆயுதங்களில் 37 விழுக்காட்டை வாங்கிய நாடு இந்தியா. எந்தச் சுவரொட்டியிலாவது இந்தக் கடைசி வரியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆவணம் என்றால் எல்லாமே வேதவாக்கு என்று நம்பிவிடவும் கூடாது. ஈரானில் மக்கள் தேர்ந்தெடுத்த முஸத்திக் அரசை 1953இல் கவிழ்த்ததில் அமெரிக்க உளவுத்துறைக்குப் பங்கு உண்டு. ஆனால் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தக் காலத்து ஆவணங்களைத் தொகுத்து 1989இல் வெளியிட்ட நூலில் அந்தப் பங்கு பற்றிய பேச்சே இல்லை! அந்நாட்டு வரலாற்றாசிரியர்களே போர்க்கொடி தூக்கினார்கள். 1991இல் சட்டம் வந்தது. விடுபட்டவை புதிய தொகுதியாக 2017இல்தான் வெளிவந்தன. இன்று யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம். வல்லரசின் பொய்யை அதன் சொந்த ஏட்டிலிருந்தே எடுத்துக் காட்டினால், அதை மறுக்க எவன் வருவான்?

"இதெல்லாம் இங்கிலீஷ் படித்தவர்கள் வேலை" என்று ஒதுங்குபவர்கள் உண்டு. நம் ஆலிம் பெருமக்களைப் பார்த்துக் கேட்கிறேன். அரபு மொழி 1973இல் ஐ.நா. பொதுச் சபையிலும் 1982இல் பாதுகாப்பு சபையிலும் அதிகாரபூர்வ மொழியாகிவிட்டது. தீர்மானங்கள் அரபியில் அப்படியே கிடைக்கின்றன. ஏழாண்டு ஓதி ஸனது வாங்கிய ஓர் ஆலிமுக்குத் திறந்திருக்கும் இந்த வாசல், தமிழ்நாட்டின் பெரிய பத்திரிகை ஆசிரியர்களுக்குக்கூடத் திறந்திருக்கவில்லை. வேலூர் பாக்கியாத்திலிருந்து வெளிவரும் இளம் ஆலிம் ஒருவர், குத்பாவுக்கு முன் தீர்மானத்தின் அரபு வாசகத்தைப் படித்துவிட்டு மிம்பரில் ஏறினால் அந்த ஜும்ஆ எப்படி இருக்கும்! சர்வதேச நீதிமன்றத்தின் ஏடுகள் மட்டும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். ஃபலஸ்தீன நிலப்பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று அது 2024 ஜூலை 19 அன்று சொன்ன கருத்தைப் பட்டதாரித் தம்பிகள் படித்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

வெளியுறவு நமக்கெதற்கு என்று கல்லாவில் உட்கார்ந்தபடி கேட்கிறவர்கள் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போய் வரட்டும். 2023 நவம்பரில் யமனின் ஹூத்திகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. தோல் சரக்குக்கு வாடகை ஏறியது. ரஷ்ய எண்ணெயை இந்தியா வாங்குகிறது என்பதைக் காரணம் காட்டி 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகள் மீதான வரியை 50 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. எண்ணெய் வாங்கியவர் யார், ஷூ தைத்தவர் யார்? அந்த உத்தரவும் வெளிப்படையான ஆவணம்தான். படித்தவர்கள் முன்கூட்டியே சுதாரித்தார்கள்.

முறையாகப் படிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறையும் பாதுகாப்பு ஆய்வுத் துறையும் உண்டு. டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளி இருக்கிறது. ஜாமியா மில்லியாவில் நெல்சன் மண்டேலா பெயரில் சமாதான ஆய்வு மையமே இருக்கிறது. எல்லோரும் பொறியியலுக்கே ஓடவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்விலும் சர்வதேச உறவு பாடமாக வருகிறது. கல்லூரிக் காலம் கடந்தவர்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. ஐ.நா. வெளியீடுகள் வந்து சேரும் நூலகம் அது. மண்ணடியிலிருந்து எவ்வளவு தூரம்?

இப்போது ஒரு வேலை. மக்களவையில் எந்த உறுப்பினரும் எந்த அமைச்சரையும் கேள்வி கேட்கலாம். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லவேண்டும்; துணைக் கேள்வியும் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். அந்தப் பதில் காலத்துக்கும் ஆவணமாக நிற்கும். நம் வாக்கை வாங்கிப்போன எம்.பி.க்களுக்கு நாம் கல்யாணப் பத்திரிகையும் கோரிக்கை மனுவும் கொடுத்திருக்கிறோம். என்றைக்காவது கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறோமா?

இதோ எழுதித் தருகிறேன்: "2023 டிசம்பர் 12 அன்று காஸாவில் போர் நிறுத்தம் கோரிய பொதுச் சபைத் தீர்மானத்தை ஆதரித்த இந்தியா, 2025 ஜூன் 12 அன்று அதே கோரிக்கை கொண்ட தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியதற்கு என்ன காரணம்? இரண்டு வாசகங்களுக்கும் இடையே அரசு கண்ட வேறுபாடு என்ன?"

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் லெட்டர் பேடில் இதை எழுதி, தலைவர் கையொப்பமிட்டு, அடுத்த கூட்டத்தொடருக்கு முன் தன் தொகுதி எம்.பி.யிடம் நேரில் கொடுக்கட்டும். கொடுப்பதற்கு முன் இரண்டு தீர்மானங்களையும் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்; அவர் எதிர்க்கேள்வி கேட்கக்கூடும். நகல் ஒன்றை இந்த இதழ் அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள். யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று பெயர் போட்டு வெளியிடும்படி ஆசிரியரை நானே வற்புறுத்துவேன், இன்ஷா அல்லாஹ்.