துவாலுவின் எண்ணிம நாட்டுத் திட்டம்

துவாலு எண்ணிம (டிஜிட்டல்) நாட்டுத் திட்டம் என்பது, கடல்மட்ட உயர்வால் நிலத்தை இழக்க நேர்ந்தாலும் அரசு தொடர்ந்து இயங்குவதற்காகப் பசிபிக் தீவு நாடான துவாலு வகுத்துள்ள திட்டமாகும். சுமார் 26 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்நாடு ஒன்பது தாழ்வான தீவுகளைக் கொண்டது. மக்கள்தொகை ஏறத்தாழ 11,000 ஆகும்.

பின்னணி

இணைய முகவரிகளில் 'டாட் டிவி' என்பது துவாலுவின் நாட்டுக் குறியீடு ஆகும். இது தொலைக்காட்சியையும் குறிப்பதால் ஒளிபரப்பு நிறுவனங்கள் விரும்பி வாங்கின. இவ்வருவாயின் துணையுடன் துவாலு 2000-இல் ஐக்கிய நாடுகள் அவையில் இணைந்தது. எனினும் நாட்டுக்குள் இணையம் நெடுங்காலம் செயற்கைக்கோள் வழியாகவே கிடைத்தது. அது வேகம் குறைந்ததாகவும் செலவு மிக்கதாகவும் இருந்தது.

திட்டம்

2022 நவம்பரில், எகிப்தில் நடந்த காலநிலை மாநாட்டுக்கான காணொளி உரையில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே இத்திட்டத்தை அறிவித்தார். தீவுகளின் வடிவம், அரசு ஆவணங்கள், பண்பாட்டுப் பதிவுகள் ஆகியவற்றை இணையத்தில் பாதுகாப்பதும், குடிபெயர்ந்த மக்களுக்கும் அரசுச் சேவைகளை வழங்குவதும் இதன் நோக்கங்கள். நிலம் அழிந்தாலும் நாடு என்றென்றும் நிலைக்கும் என 2023-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டது.

சிக்கல்கள்

நாடு ஒன்றுக்கு வரையறுத்த நிலப்பரப்பும் நிலையான மக்களும் தேவை என 1933-ஆம் ஆண்டின் மொண்டெவிடியோ உடன்படிக்கை கூறுகிறது. எனவே, சொந்தச் சட்டம் மட்டும் போதாது. பிற நாடுகளின் ஏற்பும் வேண்டும். அது கிடைக்காவிடின் கடல் எல்லையும், அரசின் முதன்மை வருவாய்களுள் ஒன்றான மீன்பிடி உரிமக் கட்டணமும் கேள்விக்குள்ளாகும். சேவையகத்தில் ஆவணங்களைக் காக்கலாம். அவற்றுக்கான உரிமையைப் பன்னாட்டுச் சட்டமே காக்க இயலும்.